கல்விச் சுதந்திரமும் குறைதீர்ப்பும்: மலேசிய உயர்கல்வியில்

கல்விச் சுதந்திரம் என்பது ஆசிரியரும் மாணவரும் தம் துறையில் தடையின்றி ஆராயவும், கண்டறிந்ததைக் கற்பிக்கவும் வெளியிடவும், தாம் சார்ந்த நிறுவனத்தின் போக்கைக் குறைகூறவும் உள்ள உரிமை. அது மீறப்படும்போது முறையிட்டு, நடுநிலையான விசாரணை பெற்று, நிவாரணம் காணும் ஏற்பாடு குறைதீர்ப்பு. உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997இல் ஏற்ற பரிந்துரை இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை அளிக்கிறது. கல்விச் சுதந்திரம் என்று தனியாக எதையும் சொல்லவில்லை. ஆகவே இந்நாட்டில் அதன் வரலாறு, அதைக் கட்டுப்படுத்த வந்த சட்டங்களின் வரலாறாகவே பெரிதும் அமைந்துவிட்டது.

தொடக்க காலம்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபர் 8 அன்று சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் அதில் இணைந்தன. நாட்டில் அப்போது அவசரகாலம் நடப்பில் இருந்தது. 1951 ஜனவரியில், பிரிட்டிஷ் எதிர்ப்புக் கழகத்தோடு தொடர்புடையவர்கள் என்ற பெயரில் மாணவர் சிலர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்திருந்த ஜேம்ஸ் புதுச்சேரி அவர்களுள் ஒருவர். வெளியே வந்தவர் 1953இல் உருவான பல்கலைக்கழகச் சோஷலிஸ்ட் கழகத்தில் முன்னின்றார்.

அக்கழகத்தின் இதழ் ஃபஜார். 1954 மே இதழில் வந்த தலையங்கம், தென்கிழக்காசியாவில் உருவாகிக்கொண்டிருந்த மேலைநாட்டு இராணுவக் கூட்டணியைக் கண்டித்தது. மே 28 அன்று ஆசிரியர் குழுவைச் சேர்ந்த எட்டு மாணவர்கள் கைதாகி, தேச நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாயினர். புதுச்சேரி, பூ சூ காய், எம். கே. ராஜகுமார், பி. அருட்சோதி, பின்னாளில் கவிஞராக அறியப்பட்ட எட்வின் தம்பு ஆகியோர் எண்மருள் அடங்குவர். இங்கிலாந்திலிருந்து வந்த டி. என். பிரிட் அவர்களுக்காக வாதாடினார். அவருக்குத் துணை நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஆகஸ்ட் 25 அன்று நீதிபதி எஃப். ஏ. சுவா, எதிர்த்தரப்பை அழைக்கவே தேவையில்லை என்று கூறி எண்மரையும் விடுவித்தார். மாணவர் இதழ் ஒன்று அரசை எதிர்த்து வென்ற வழக்கு இது. அவ்வழக்கில் வாதாடிய லீ குவான் இயூ சிங்கப்பூரை ஆண்ட காலத்திலேயே, 1963இல், புதுச்சேரியும் பூ சூ காயும் விசாரணையின்றிச் சிறை சென்றனர்.

ஆசிரியர் தரப்பில் முதலில் பேசப்பட்டது என்ரைட் விவகாரம். ஆங்கிலப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற டி. ஜே. என்ரைட் 1960 நவம்பரில் நிகழ்த்திய தொடக்கவுரை ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞரைப் பற்றியது. ஆனால் முன்னுரையாக அவர் சொன்ன சில வார்த்தைகளே வினையாயின. சீரழிந்த மேலைநாட்டுக் கேளிக்கை எனக் கருதப்பட்ட ‘மஞ்சள் பண்பாட்டை’ ஒழிப்பதாகச் சொல்லிச் சிங்கப்பூர் அரசு நடத்திய இயக்கத்தையும், பண்பாட்டை மேலிருந்து செய்து தர முடியும் என்ற எண்ணத்தையும் அவர் கேலி செய்தார். நாளேடுகள் அதைப் பெரிதாக்க, அமைச்சர் அகமது இப்ராகிம் அவரை அழைத்துக் கண்டித்தார். அயல்நாட்டவர் ஒருவர் உள்ளூர் அரசியலில் தலையிடலாகாது என்பது அரசின் வாதம். மாணவர் சங்கம் கூட்டம் கூட்டி அரசைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. தனிப்பட்ட பேச்சுகளால் விவகாரம் தணிந்தது. என்ரைட் 1970 வரை அங்கேயே பணியாற்றினார். கேலிக்கு உள்ளான கொள்கைக்குப் பொறுப்பான பண்பாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்து, இலண்டனில் படிக்கும்போது காலனியாட்சியைச் சாடிச் சிறுகதையும் கட்டுரையும் எழுதிய அவர், இப்போது எதிர்ப்பக்கத்தில் நின்றார்.

இவ்விரு நிகழ்வுகளிலும் குறைதீர்ப்பு முறை என்று ஒன்று இல்லை. முதலாவது நீதிமன்றத்தில் முடிந்தது. இரண்டாவது செல்வாக்குள்ளவர்களின் தூதால் முடிந்தது.

1971ஆம் ஆண்டுச் சட்டம்

மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகம் 1962 ஜனவரி 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானது. 1969 பொதுத்தேர்தலின்போது அதன் மாணவர் சங்கம் சொந்தமாக அறிக்கை வெளியிட்டு ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. மே 13 இனக் கலவரத்துக்குப் பின் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் பதவி விலக வேண்டும் என்றது. அதன் பிறகு வந்ததே பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971. சட்ட எண் 30. மலாய்ச் சுருக்கத்தில் ஆக்கு.

1974இல் ரப்பர் விலை சரிந்தது. அரிசி முதலியவற்றின் விலை ஏறியது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் வருவாயை அழுத்திய அதே சரிவு, கெடா மாநிலம் பாலிங்கின் சிறுதோட்டக்காரர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்கு ஆதரவாக டிசம்பர் 3 அன்று கோலாலம்பூரில் திரண்ட மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். இளைஞர் தலைவர் அன்வார் இப்ராகிமும் விரிவுரையாளர் சையத் உசின் அலியும் விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் (இசா) அடைக்கப்பட்டனர். பின்னவர் வெளிவந்தது 1980இல்.

மறு ஆண்டே சட்டம் இறுக்கப்பட்டது. அப்போது கல்வியமைச்சர் மகாதீர் முகமது. மாணவர்கள் அரசியல் கட்சியிலோ தொழிற்சங்கத்திலோ சேரவும், அவற்றுக்கு ஆதரவாகச் சொல்லவும் தடை வந்தது. குற்ற வழக்குப் பதிவானாலே, தீர்ப்புக்கு முன்பே, மாணவர் இடைநிறுத்தப்படுவார் என்ற விதி அதனினும் கடுமையானது. ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் துணைவேந்தரிடம் குவிந்தது. மேல்முறையீடு அமைச்சருக்குச் சென்றது. 2009 திருத்தம் தானியங்கி இடைநிறுத்தத்தையும் குற்றத் தண்டனையையும் அகற்றி, மேல்முறையீட்டைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தது.

2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தது. ம.இ.கா. வேட்பாளர் பி. கமலநாதன் வென்ற தேர்தல் அது. தொகுதியில் காணப்பட்டதற்காகத் தேசியப் பல்கலைக்கழக அரசறிவியல் மாணவர் நால்வர் மீது நடவடிக்கை தொடங்கியது. அரசியல் படிப்பவர்கள் தேர்தலைப் பார்க்கப் போனது குற்றமாயிற்று. அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், கட்சிகளுக்கு ஆதரவு தெரிவிப்பதைத் தடுத்த 15(5)(a) விதி பேச்சுரிமைக்கு முரண், செல்லாது என்றது. 2012 திருத்தம் கட்சியில் சேர அனுமதித்தது. வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையை 2018 டிசம்பரில் நாடாளுமன்ற மக்களவை நீக்கியது. சட்டத்தையே ஒழிப்பதாக அவ்வாண்டுத் தேர்தலில் வாக்குறுதி அளிக்கப்பட்டிருந்தது. சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.

விரிவுரையாளர்கள்

மாணவருக்குத் தளர்ந்த அளவு ஆசிரியருக்குத் தளரவில்லை. 1999இல் மலாயாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் சந்திரா முசாஃபரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2002இல் அக்கு ஜஞ்சி என்ற விசுவாச உறுதிமொழியில் கையெழுத்து கேட்கப்பட்டது. 2014 செப்டம்பரில் சட்டப் பேராசிரியர் அஸ்மி ஷாரோம், 2009 பேராக் ஆட்சி நெருக்கடி பற்றிச் சட்டக் கருத்து கூறியதற்காகத் தேச நிந்தனை வழக்கில் நிறுத்தப்பட்டார். அச்சட்டமே செல்லாது என்ற அவர் வாதத்தை 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது.

குறைதீர்ப்பு வழிகள்

எந்த வழி திறந்திருக்கிறது என்பதை முடிவு செய்வது குறையின் தன்மையன்று. கல்லூரி எந்தச் சட்டத்தின்கீழ் பதிவானது என்பதே. அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களுக்குச் சட்டப்பூர்வ அமைப்புகள் (ஒழுங்கு, மேல்வரி) சட்டம் 2000 பொருந்தும். குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும்; பதில் எழுத 21 நாள் உண்டு. தண்டனை எச்சரிக்கையில் தொடங்கிப் பணிநீக்கம் வரை போகும். குற்றம் சாட்டுவதும் விசாரிப்பதும் ஒரே நிறுவனம் என்பது இதன் பெருங்குறை. தொழில் நீதிமன்றம் இவர்களுக்கு இல்லை. உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறு ஆய்வு கோரலாம். அதற்குக் கெடு மூன்று மாதம்.

தனியார் கல்லூரிகள் 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றின் விரிவுரையாளர்கள் தொழிலுறவுச் சட்டம் 1967இன் 20ஆம் பிரிவுப்படி, நியாயமின்றி நீக்கப்பட்டதாகத் தொழிலுறவுத் துறையில் முறையிடலாம். 2021 முதல் அமைச்சரின் அனுமதியின்றியே வழக்கு தொழில் நீதிமன்றம் செல்கிறது. குறித்த கால ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று நிர்வாகம் சொன்னால், அவ்வொப்பந்தம் உண்மையானதா, நிரந்தர வேலைக்குப் போட்ட முகமூடியா என்று நீதிமன்றம் பார்க்கும். பாலியல் தொல்லைக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனித் தீர்ப்பாயம் உள்ளது.

ஒப்பிட்டால், தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 1976 ஆசிரியரை நீக்குமுன் அரசின் ஒப்புதலைக் கேட்கிறது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிகள் மாணவர் குறைகளுக்கு வெளியாளான குறைகேள் அதிகாரியை வைக்கச் சொல்கின்றன. மலேசியப் பல்கலைக்கழகச் சட்டம் அப்படி ஒருவரை ஏற்படுத்தவில்லை.

நெகிரி செம்பிலான்

செண்டாயான் தோட்ட நிலங்கள் பெரும்பாலும் வீடமைப்பு நகரியமாகிவிட்டன. அங்கிருந்து பிள்ளைகள் செல்லும் தூரத்தில் நான்கு விதச் சட்டங்கள் ஆள்கின்றன. நீலாயிலுள்ள இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971 சட்டத்தின்கீழும், அதே ஊரின் இன்டி (INTI) முதலான தனியார் பல்கலைக்கழகங்கள் 1996 சட்டத்தின்கீழும் வருகின்றன. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு 1976இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பூமிபுத்ராக்களுக்கே (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) உரிய அதில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடமில்லை. சிரம்பானிலுள்ள ராஜா மெலேவார் ஆசிரியர் பயிற்சிக் கழக மாணவர்களை ஆள்வது கல்வி நிறுவனங்கள் (ஒழுங்கு) சட்டம் 1976. உலு சிலாங்கூர் வழக்கின் தீர்ப்பும் அதை ஒட்டிய 2012 திருத்தமும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியவை. தனியார் கல்லூரி விரிவுரையாளர் 20ஆம் பிரிவில் முறையிட வேண்டிய கெடு வேலைநீக்க நாளிலிருந்து 60 நாள். கல்லூரிக்குள் மேல்முறையீடு செய்து காத்திருப்பதால் அந்தக் கெடு நீளாது.