குளோப் அரங்கமும் நம்ம ஊர் பாய்ஸ் கம்பெனியும்

நம் கல்லூரி மாணவர்கள் சிலர், ஆங்கிலப் புத்தகம் ஒன்றைச் சேர்ந்து படிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். பாடப்புத்தகம் கூடாது, கதையாக இருக்கணும், கடினமான ஆங்கிலம் வேண்டாம் என்று மூன்று நிபந்தனைகள். நான் எடுத்துக் கொடுத்தது கேரி பிளாக்வுட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இளைஞர்களுக்காக எழுதி 1998-ல் வெளிவந்த 'தி ஷேக்ஸ்பியர் ஸ்டீலர்' என்ற சரித்திர நாவல். பழனி மலை அடிவாரத்தில், கன்னிவாடியில் உட்கார்ந்துகொண்டு 1601-ம் வருடத்து லண்டனைப் பற்றிப் படிப்பது முதலில் கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அந்த லண்டன் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை என்று.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விட்ஜ் என்று ஓர் அநாதைப் பையன். வயது 14. திமோதி பிரைட் என்பவரிடம் வேலைக்கு இருந்து சுருக்கெழுத்துக் கற்றவன். (பிரைட் நிஜமான மனிதர். 1588-ல் ஆங்கிலச் சுருக்கெழுத்து பற்றி நூல் வெளியிட்டவர்.) அந்தப் பையனைப் பத்து பவுனுக்கு ஒருவன் வாங்கிக்கொண்டு போய், "குளோப் அரங்கத்தில் 'ஹாம்லெட்' நாடகம் நடக்கிறது. வசனம் முழுவதையும் திருட்டுத்தனமாக எழுதிக்கொண்டு வா" என்று அனுப்புகிறான். போன இடத்தில் மாட்டிக்கொண்ட பையன், நடிக்க ஆசைப்பட்டு வந்ததாகச் சொல்லித் தப்பிக்கிறான். கம்பெனியிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த நாடகக்காரர்களே அவனுக்குக் குடும்பமாகி விடுகிறார்கள்.

வசனத்தைத் திருடுவது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? அந்தக் காலத்தில் நாடகத்தை எழுதியவருக்கு இன்றைய அர்த்தத்தில் பதிப்புரிமை கிடையாது. இங்கிலாந்தில் அதற்கான சட்டம் 1710-ல்தான் வந்தது. பிரதி நாடகக் கம்பெனியின் சொத்து. வெளியே போனால் வேறு கம்பெனிக்காரன் போட்டுவிடுவான். நடிகர்களுக்குக்கூட முழுப் பிரதி தரமாட்டார்கள். அவரவர் வசனமும், அதற்கு முன்னால் அடுத்தவர் முடிக்கும் சில சொற்களும் மட்டும் எழுதிய சுருள்தான் கையில் கிடைக்கும். அப்படியும் 1603-ல் 'ஹாம்லெட்' அரைகுறையாக அச்சில் வந்துவிட்டது. அதில் சுமார் 2,200 வரிகள். அடுத்து 1604-ல் வந்த பதிப்பில் சுமார் 3,800. முதல் பதிப்பு ஒரு நடிகரின் ஞாபகத்திலிருந்து வந்ததா, சுருக்கெழுத்திலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நாவலாசிரியர் தன் கதையை முளைக்க வைத்தது இந்த இடுக்கில்தான்.

எங்கள் வாசிப்பு ஓரிடத்தில் நின்றது. நாவலில் ஜூலியா என்ற பெண், ஜூலியன் என்று பையன் வேஷம் போட்டுக் கம்பெனியில் நடிக்கிறாள். குட்டு உடைந்ததும் வெளியேற வேண்டியதாகிறது. விட்ஜ், ராணி முன்னிலையில் ஒஃபீலியாவாக நடிக்கிறான். "பொம்பளை இருக்கும்போது ஆம்பளைப் பையனுக்கு ஏன் அண்ணே சேலை கட்டணும்?" என்று ஒரு மாணவர் கேட்டார். லண்டனின் தொழில்முறை மேடையில் அன்று பெண்கள் நடிக்கும் வழக்கமே இல்லை. 1660 கடைசியில்தான் அது மாறியது என்று சொன்னேன். கூடவே இன்னொன்றையும் சொன்னேன்: சேலை கட்டிய பையன்களைப் பார்க்க லண்டன் வரை போக வேண்டியதில்லை, மதுரை வரை போனால் போதும்!

1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யில் ராஜபார்ட் முதல் பபூன் வரை எல்லாமே சிறுவர்கள்தான். ஸ்திரீபார்ட்டும் பையன்தான். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. எம்.ஜி.ஆர். சிறு வயதில் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சிவாஜி கணேசன், தான் அநாதை என்று பொய் சொல்லி ஒரு பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, சீதை வேஷம் கட்டியவர். விட்ஜ் நிஜ அநாதை; இவர் நாடகத்துக்காக அநாதை ஆனவர்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். குளோப் அரங்கத்தில் ஆண் வேஷங்களுக்குப் பெரியவர்கள் இருந்தார்கள். பெண் வேஷத்துக்கு மட்டுமே பையன்கள். ஆகவே நம் பாய்ஸ் கம்பெனிக்குச் சரியான ஜோடி குளோப் அல்ல. தேம்ஸ் நதிக்கு எதிர்க்கரையில் இருந்த பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கம்தான். 1600-ல் அங்கே நடித்தவர்கள் அனைவரும் சிறுவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த விதமும் சுவாரசியமானது. ராணியின் தேவாலயப் பாடகர் குழுவுக்குச் சிறுவர்களைப் பிடித்துக்கொள்ள அரச உத்தரவு இருந்தது. அதைக் காட்டிப் பள்ளிக்கூடம் போகும் பையன்களையும் நாடகத்துக்குத் தூக்கிப் போனார்கள். 1600 டிசம்பரில் தாமஸ் கிளிஃப்டன் என்ற பையன் அப்படித்தான் பிடிபட்டான். அப்பா செல்வாக்குள்ளவர் என்பதால் மீட்டுவிட்டார். மறுவருடம் வழக்கும் போட்டார். செல்வாக்கில்லாத அப்பாக்களின் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள்.

நம் பக்கம் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. வறுமையே கொண்டுபோய்ச் சேர்த்தது. கம்பெனி வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு. பாட்டும் வசனமும் வாத்தியாரிடம் பாடம். அடியும் உண்டு. பெண்கள் நடிக்கும் வழக்கம் இங்கே இல்லாமல் இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் தனிக் கம்பெனியே நடத்திப் புகழ்பெற்றவர். அப்படியிருந்தும் சிறுவர்களை ஏன் தேடினார்கள்? பெரிய நடிகர்களைக் கட்டி மேய்க்க முடியவில்லை என்பது ஒன்று. பையன்கள் சொன்னதைக் கேட்பார்கள், மனப்பாடம் சீக்கிரம் ஏறும், சம்பளம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும் உச்சக் குரல் அவர்களிடம்தான் இருந்தது.

அந்தக் குரலுக்கு ஆயுள் எத்தனை வருடம்? 13, 14 வயதானால் உடைந்துவிடும். நாடகக்காரர்கள் இதை 'மகரக்கட்டு' என்பார்கள். இன்றைய மாணவர்கள் பலருக்கு இந்தச் சொல்லே தெரியாது. கம்பெனிப் பையனுக்கோ அது ஓர் ஆபீஸ் ஆர்டர் மாதிரி: நாளையிலிருந்து உனக்குப் பாட்டு வேஷம் இல்லை!

இதில் ஆச்சரியம் என்னவென்றால், விட்ஜ் திருடப்போன 'ஹாம்லெட்' நாடகத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி இருக்கிறது. சிறுவர் கம்பெனிகள் ஊரில் பிரபலமாகிவிட்டன என்று கேள்விப்படும் இளவரசன், இவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், குரல் உடைந்த பிறகு இவர்கள் கதி என்ன, என்று விசாரிக்கிறான். ஷேக்ஸ்பியருக்கு இது தொழில் போட்டி விஷயம்தான். ஆனாலும் கேள்வி நியாயமானது.

லண்டனில் அதற்கு இரண்டு விதமாகப் பதில் கிடைத்தது. நேதன் ஃபீல்டு என்ற பையன் வளர்ந்து நடிகராகவும் நாடகாசிரியராகவும் ஆனார். கிழவர் வேஷத்தில் பெயரெடுத்த சாலமன் பேவி, 1602-ல் சுமார் 13 வயதில், குரல் உடையும் முன்பே இறந்துபோனான். பென் ஜான்சன் அவனுக்கு ஓர் இரங்கற்பா எழுதியதால்தான் அவன் பெயர் நமக்குத் தெரிகிறது.

இங்கே? பி.யு. சின்னப்பாவுக்கு மகரக்கட்டு வந்து குரல் போனது. கம்பெனியை விட்டு விலகித் தேகப்பயிற்சியும் சிலம்பமும் பழகினார். பிறகு குரலைத் திருத்திக்கொண்டு சினிமாவில் கொடி நாட்டினார். டி.கே. சண்முகம் வளர்ந்த பிறகு அவ்வையார் கிழவியாக நடித்து, அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டார். அவர் குழுவில் சிறுவனாக நடித்தவர் கமல்ஹாசன். 1996-ல் வந்த 'அவ்வை சண்முகி' படத்தின் தலைப்பு அந்தக் குருவுக்குச் செய்த வணக்கம். 1931-ல் தமிழ் பேசும் படம் வந்தது பலருக்குக் கைகொடுத்தது, எம்.ஜி.ஆர். 1936-ல் 'சதிலீலாவதி'யில் நுழைந்தார். நாம் சொல்லிக்கொள்வது இந்தப் பத்துப் பெயர்களைத்தான். இவர்களோடு ஒரே பாயில் படுத்து, ஒரே பாட்டைப் பாடிய மற்றப் பையன்கள் எங்கே போனார்கள்? எழுத்தில் இல்லை.

1598 டிசம்பரில் லண்டனில் ஒரு காரியம் செய்தார்கள். குத்தகைத் தகராறில் சிக்கிய பழைய நாடக அரங்கத்தைப் பிரித்து, அந்த மரங்களை ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோய், 1599-ல் குளோப் அரங்கமாகக் கட்டினார்கள். 1613-ல் அது எரிந்தது, மறுவருடமே எழுப்பிவிட்டார்கள். என்னைப் போன்ற இன்ஜினியருக்கு இது ரொம்பப் பிடித்த சங்கதி. உத்தரத்தைப் பிரித்து மறுபடி கோக்கலாம். பையனின் குரலை அப்படிச் செய்ய முடியாதே!

சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் காலமானார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் அவர் பேச்சையே பறித்திருந்தது. ஆனால் அவர் பாட்டு நிற்கவில்லை. நம் திண்டுக்கல், மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்' அவர் கொடுத்த பிரதிதான். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, சாயங்காலம் வந்து சேர்ந்து, ராத்திரி மேடை ஏறிவிடுவார்கள். பிரதி எல்லோர் நெஞ்சிலும் இருப்பதால்தான் இது முடிகிறது. லண்டனில் பூட்டி வைத்தார்கள். இங்கே பாடம் சொல்லிக்கொடுத்தே பரப்பினார்கள்.

இன்றைக்குச் சிறுவர்கள் பாடுவதும் நடிப்பதும் டி.வி.யில். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி, 2017-ல் விதிகளும் வகுத்தார்கள். நடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தக் குழந்தை பெயரில் வங்கியில் போடப்பட வேண்டும். குரல் உடைந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு, 400 வருடம் கழித்து நம் சட்டம் சொல்லும் பதில் இது. காகிதத்தில் நல்ல பதில்தான். நடப்பில் எப்படி என்பதைப் பார்க்க வேண்டியது பெற்றோரும் நாமும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். விட்ஜ் கதையை எழுத அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். மதுரைப் பையன்களின் கதையை நம் பிள்ளைகளுக்கு நாவலாக எழுத உங்களில் ஒருவர் வர வேண்டும். முதலில் அவ்வை சண்முகம் 1972-ல் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யைப் படியுங்கள். அடுத்த திருவிழாவில் வள்ளி திருமணம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். வேஷம் கலைக்கும் மூத்த கலைஞர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, நீங்க யார்கிட்ட பாடம் கேட்டீங்க? அவர் யார்கிட்ட கேட்டார்?" என்று கேளுங்கள். சொல்லும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மற்றப் பையன்களில் ஒருவன் பெயராவது அதில் கிடைக்கும்.