வாரிசற்ற அரியணை: ஆன் அரசியின் ஆட்சி (1702–1714)

ஸ்டூவர்ட் மரபின் கடைசி ஆட்சியாளரான ஆன் அரசியின் காலத்தில் பிரிட்டன் என்னும் அரசு உருவானதற்குப் போர்களையும் கட்சிப் பூசல்களையும் விட, அவருக்குப் பின் அரியணை ஏறப் பிள்ளை ஒன்றும் மிஞ்சாமல் போனதே முதற்காரணம் எனலாம்.

1665-இல் பிறந்த ஆன், பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரான யார்க் கோமகனின் இளைய மகள். தந்தை கத்தோலிக்கராக மாறிய பின்னரும், பெரியப்பா இரண்டாம் சார்லஸின் ஆணைப்படி புராட்டஸ்டண்டாகவே வளர்க்கப்பட்டார். 1683-இல் டென்மார்க் இளவரசர் ஜார்ஜை மணந்தார். ஆன் பதினேழு முறையேனும் கருவுற்றும், குழந்தைப் பருவத்தைக் கடந்தவன் குளொஸ்டர் கோமகன் வில்லியம் ஒருவனே; அவனும் 1700-இல் பதினொரு வயதில் இறந்தான். அதனால் கத்தோலிக்கர் எவரும் அரியணை ஏற இயலாதபடி, நெருங்கிய உறவினர் பலரை ஒதுக்கிவிட்டு, ஜெர்மனியின் ஹானோவரைச் சேர்ந்த சோபியாவுக்கும் அவர் வழியினருக்கும் உரிமை வழங்கும் சட்டத்தை இங்கிலாந்து நாடாளுமன்றம் 1701-இல் இயற்றியது.

அச்சட்டம் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. ஒரே அரசரின் கீழ் இருந்தும் தனி நாடாளுமன்றம் கொண்டிருந்த அந்நாடு, ஆனுக்குப் பின் வேறொருவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை தனக்கு உண்டென்று சட்டமே இயற்றிவிட, இணைப்புப் பேச்சுக்கு உடன்படாவிட்டால் ஸ்காட்டியரை அயல்நாட்டாராக நடத்தி அவர்களது கால்நடை, நிலக்கரி, லினன் துணி ஆகியவற்றைத் தடுப்போம் என்று 1705-இல் இங்கிலாந்து மிரட்டியது. பனாமா நிலப்பகுதியில் டேரியன் குடியேற்றத்தை நிறுவ முயன்று பெரும் முதலீட்டை இழந்திருந்த ஸ்காட்லாந்துக்கு அந்த மிரட்டலைத் தாங்கும் வலு இல்லை. இங்கிலாந்தின் கடனில் பங்கேற்பதற்கு ஈடாக ஏறத்தாழ 3,98,000 பவுன் தரப்பட்டது; அதில் பெரும்பகுதி டேரியன் பங்குதாரர்களைச் சென்றடைந்ததால், நாடு விலைபோயிற்று என்ற பேச்சும் எழுந்தது. 1707 மே 1 அன்று இரு நாடுகளும் ஒன்றாயின; ஸ்காட்லாந்துக்கு மக்கள் சபையில் 45 இடங்களும் பிரபுக்கள் சபையில் 16 இடங்களும் கிடைத்தன; அதன் நீதிமுறையும் திருச்சபையும் தனித்தே நீடித்தன.

மறு ஆண்டு, அரசுரிமை கோரிய, ஆனின் மாற்றாந்தாய் மகனான தம்பி பிரெஞ்சுக் கப்பற்படையுடன் ஸ்காட்லாந்தை நோக்கி வந்தபோது, அங்கு உள்ளூர்ப் படை அமைக்கும் மசோதாவுக்கு ஆன் ஒப்புதல் மறுத்தார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை பிரிட்டிஷ் அரசர் ஒருவர் மறுத்தது அதுவே கடைசி முறை.

ஆன் தோழிகள் சொன்னபடி ஆடிய அரசி என்ற கருத்து, அவரோடு பகைத்துப் பிரிந்த மார்ல்பரோ கோமகள் சாரா 1742-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளால் வேரூன்றியது. பகைவர் எழுதிய சான்றை அப்படியே ஏற்பது பொருந்தாது. கவுட் என்னும் கீல்வாதத்தால் முடிசூட்டு விழாவுக்கே நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்ட அவர், அமைச்சரவைக் கூட்டங்களில் தவறாது அமர்ந்தார். பிரான்சுடன் நடந்த நீண்ட போரை முடிக்க விரும்பி, 1710-இல் தலைமைப் பொருளாளர் கொடால்பினையும் அடுத்த ஆண்டு இறுதியில் தளபதி மார்ல்பரோவையும் பதவி நீக்கினார். சமாதானத்தை எதிர்த்த பிரபுக்கள் சபையில் பெரும்பான்மை பெறப் பன்னிரண்டு பேரை ஒருசேரப் பிரபுக்களாக்கினார். 1713-இல் கையெழுத்தான உட்ரெக்ட் உடன்படிக்கையால் ஜிப்ரால்டர் பிரிட்டன் வசமாயிற்று.

1714 ஜூனில் சோபியா இறந்தார். ஜூலை 30 அன்று, மரணப் படுக்கையிலிருந்த ஆன், அரசின் தலைமைப் பொருளாளர் பதவியின் சின்னமான கோலை, ஹானோவர் உரிமையை ஆதரித்த ஷ்ரூஸ்பரி கோமகனிடம் ஒப்படைத்தார். ஆகஸ்ட் 1 அன்று அவர் இறந்ததும் சோபியாவின் மகன் முதலாம் ஜார்ஜ் கலகமின்றி அரசராக அறிவிக்கப்பட்டார். ஷ்ரூஸ்பரிக்குப் பின் அப்பதவி எந்தத் தனி மனிதருக்கும் வழங்கப்படவில்லை. அதன் அதிகாரம் ஆணையர் குழு ஒன்றிடம் சென்றது. அக்குழுவின் முதல்வர் என்ற பதவியைத்தான் இன்றைய பிரதமரும் வகிக்கிறார்.