மொரீஷியஸ்: ரூபாய் நோட்டில் தமிழ், வீட்டில் கிரியோல்... இந்தக் குட்டித் தீவின் கதை என்ன?

1998-ல் மொரீஷியஸில் பெரிய சண்டை ஒன்று வந்தது. விலைவாசிக்காக அல்ல, தேர்தலுக்காகவும் அல்ல. ரூபாய் நோட்டில் தமிழ் எந்த வரியில் வர வேண்டும் என்பதற்காக.

அதுவரை அந்நாட்டு நோட்டுகளில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்குக் கீழே இந்தி என்ற வரிசை இருந்தது. புதிதாக அச்சடித்த நோட்டில் இந்தி மேலே போய், தமிழ் கீழே இறங்கியது. கொதித்துப் போனார்கள் அங்குள்ள தமிழர்கள். "இந்தத் தீவுக்கு முதலில் வந்த இந்தியர்கள் நாங்கள்" என்பது அவர்கள் வாதம். கடைசியில் அந்த நோட்டுகளை அரசு திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே புதிதாக அச்சடித்தது. இன்றைக்கும் மொரீஷியஸ் நோட்டில் தமிழ் எழுத்து மட்டுமல்ல, நம்ம ஊரிலேயே பலருக்குப் படிக்கத் தெரியாத தமிழ் எண்களும் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிச் சண்டை போட்டவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் இல்லை.

எங்கே இருக்கிறது?

மடகாஸ்கருக்குக் கிழக்கே, சென்னையிலிருந்து சுமார் 4,400 கி.மீ. தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. மொத்தப் பரப்பு 2,040 சதுர கி.மீ., அதாவது சென்னை மாநகராட்சியைப் போல ஐந்து மடங்குகூட இல்லை. மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். தலைநகரம் போர்ட் லூயிஸ். எரிமலையால் உருவான தீவு, சுற்றிலும் பவளப்பாறை, உள்ளே போனால் கரும்புக் காடு. டோடோ பறவை வாழ்ந்து அழிந்தது இங்கேதான்.

தமிழர்கள் எப்படிப் போனார்கள்?

1598-ல் டச்சுக்காரர்கள் இறங்கி, தங்கள் இளவரசர் மாரிஸ் பெயரை வைத்தார்கள். 1710-ல் கைவிட்டுப் போனார்கள். 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1735-ல் ஆளுநராக வந்த லா பூர்தொன்னே, போர்ட் லூயிஸைக் கட்டுவதற்குப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் கொண்டுபோனார். துறைமுக நகரத்தின் பழைய கற்களில் தமிழர் கைப்பட்டவை நிறைய.

1810-ல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1835-ல் அடிமை முறை ஒழிந்தபோது கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 1834 நவம்பர் 2-ம் தேதி, 'அட்லஸ்' கப்பலில் 36 ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிவிட்டார்கள். அடுத்த பல பத்தாண்டுகளில் வந்தவர்கள் 4.5 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானோர் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கம். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும் கணிசம். அவர்கள் கரையேறிய 'ஆப்ரவாசி காட்' இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

பேச்சு போனது, பெயர் நின்றது

இன்று மக்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்திய வம்சாவளி. தமிழர்கள் 6% அளவில் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலானோருடைய வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். ஆனால் அந்தக் கிரியோலுக்குள் தமிழ் ஒளிந்திருக்கிறது. கறிவேப்பிலை 'கரிபுலே', முருங்கைக்கீரை 'பிரெத் முரும்', ரசம் 'ரசோன்'. கல்யாணத்தில் வாழை இலை போட்டு 'செத் கரி' பரிமாறுவார்கள். அதாவது ஏழு கறி.

கோயில்களும் அப்படித்தான். போர்ட் லூயிஸில் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில் 19-ம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. தைப்பூசக் காவடி அங்கே தேசிய விடுமுறை. தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை வந்தது 2021-ல்தான்! மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கட்டத்தில் 'இந்து' தனியாகவும் 'தமிழ்' தனியாகவும் எழுதுகிறார்கள். 100 ரூபாய் நோட்டில் இருக்கும் படம் தமிழ் வம்சாவளி வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ரங்கநாதன் சீனிவாசனுடையது. பரமசிவம் பிள்ளை வையாபுரி 2018-19-ல் தற்காலிக அதிபராகவே இருந்தார்.

சென்னை தரமணிக்கும் இந்தத் தீவுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின் தொடர்ச்சியாக உருவானதுதான் தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம். அதே ஆண்டு மார்ச் 12-ல் மொரீஷியஸ் சுதந்திரம் பெற்றது. 1989-ல் ஏழாவது மாநாட்டை நடத்தியது மொரீஷியஸ். பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கலாம். படிக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு ஆள் இல்லை என்பதுதான் சிக்கல்.

செய்திகளில் ஏன் அடிபடுகிறது?

ஒரு காலத்தில் 'மொரீஷியஸ் ரூட்' என்றாலே வரி. 1982-ல் இந்தியாவுடன் போட்ட ஒப்பந்தத்தால் அந்நிய முதலீடு அந்த வழியாகக் கொட்டியது; 2016-ல் அது திருத்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் யுபிஐ அங்கே போனது. அதே மாதம் அகலேகா தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த விமான ஓடுதளம் திறக்கப்பட்டது.

இப்போதைய பெரிய விஷயம் சாகோஸ் தீவுகள். சுதந்திரம் தருவதற்கு முன்பே, 1965-ல் பிரிட்டன் இதைப் பிரித்து வைத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்த மக்களை வெளியேற்றி, டியாகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வந்தது. பிரிட்டன் இதைத் திருப்பித் தர வேண்டும் என 2019-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது: தீவுகள் மொரீஷியஸுக்கு, தளம் இருக்கும் டியாகோ கார்சியா மட்டும் 99 ஆண்டு குத்தகைக்கு.

அந்த டியாகோ கார்சியாவிலும் தமிழ்க் குரல் கேட்டது. 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன இலங்கைத் தமிழர்களின் படகு நடுக்கடலில் பழுதாகி, அவர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். குழந்தைகள் உட்பட, வேலி போட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டு. 2024 டிசம்பரில் பெரும்பாலானோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.