தேரி மண்ணில் எழுந்த அடைக்கல ஊர்கள்

வேதத்தில் சேர்ந்த பனையேறிக்கு அந்தக் காலத்தில் சொந்தமென்று இருந்தவை அநேகமாக அரிவாளும் கலயமும்தான். ஏறும் பனை இன்னொருவருடையது. குடிசை நிற்கும் மணலும் இன்னொருவருடையது. ஊர்க் கொடைக்கு வரி தரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால் பனையும் போகும், குடிசையும் போகும், தண்ணீர் எடுக்கும் கிணறும் போகும். ஞானஸ்நானம் பெற்ற அன்றைய சந்தோஷத்தைப் பற்றி நம் சபைகளில் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் அந்தக் குடும்பம் எங்கே அடுப்பு மூட்டியது என்பதைத்தான் நான் தேடிப் படித்தேன். திருநெல்வேலிச் சீமையில் கிருபை என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால், அந்த அடுப்பிலிருந்துதான் தொடங்குவேன்.

சாத்தான்குளம் வட்டாரத்துக் காலங்குடியில் பிறந்தவர் சுந்தரானந்தம் தாவீது. ஊரைவிட்டுப் போய் அலைந்து, தஞ்சாவூரில் மிஷன்காரர்களிடம் சேர்ந்து, 1790களின் பிற்பகுதியில் உபதேசியாருக்கு உதவியாளாகத் திரும்பி வந்தார். முதலில் கேட்டவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள். அடித்தவர்களிலும் சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள், ஊர் அப்படித்தான். ஜெபம் பண்ணிய கூரைகள் எரிந்தபோது, சேர்ந்தவர்கள் தனியாகக் குடியேற ஓர் இடம் வேண்டும் என்று தாவீது கேட்டார். எவரெட் என்ற ஆங்கிலேயத் தளபதி பண உதவி செய்ய, 1799இல் ஒரு துண்டு நிலம் வாங்கப்பட்டது. அதுதான் முதலூர். இன்று மஸ்கோத் அல்வாவுக்காக வண்டியை நிறுத்துகிற பலருக்கு, அந்தத் தெருக்கள் ஒதுக்கப்பட்டவர்களுக்காக வாங்கிய மண்ணில் ஓடுகின்றன என்பது தெரியாது.

பிறகு ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சாயர் என்ற வணிகரின் உதவியால் சாயர்புரம். பிரஷ்யாவிலிருந்து டோனா பிரபு அனுப்பிய காணிக்கையில் டோனாவூர். இந்த மணலில் ஒரு நாளும் கால் வைக்காத மனிதரின் பெயரை இங்கே கைக்குழந்தையும் சொல்கிறது. நாசரேத், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம் என்று பெயர்களைக் கேட்டாலே, அந்தச் சனங்கள் தங்கள் வாழ்க்கை எப்படி மாறவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள் என்பது விளங்கும்.

இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டாக்கியவர் மிஷனெரி ரேனியஸ் ஐயர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1830இல் தர்ம சங்கம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். உபதேசிமாரும் சபையாரும் பணம் போட்டார்கள். அந்தப் பணத்தில் நிலமும் வீட்டுமனையும் வாங்கி, விரட்டப்பட்ட குடும்பங்களை அங்கே குடிவைத்தார்கள். வெளிநாட்டுப் பணம் வந்தது உண்மை. ஆனால் கருப்பட்டி விற்ற காசும் அதில் விழுந்தது. பதனீர் காய்ச்சும் விடிலிப் புகையில் கண் எரிந்து நின்ற பெண்கள், தாங்கள் பார்த்திராத ஒரு குடும்பத்தின் கூரைக்காகக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, அப்போஸ்தலர் நடபடிகளின் ஆரம்ப அதிகாரங்கள் எனக்குப் பக்கத்துத் தெருச் செய்தியாகத் தெரிகின்றன.

அடைக்கலம் கொடுத்தவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 1835. இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகளைக் கண்டித்து ரேனியஸ் எழுதினார். தம் உபதேசிமாருக்குக் குருப்பட்டம் கொடுக்கப் பேராயர் கை வேண்டியதில்லை என்றும் நின்றார். அவரை அனுப்பிய மிஷன் சங்கம் அவரை நீக்கியது. அவர் ஊரைவிட்டுப் போனார். உபதேசிமார் பலர் திரும்ப வரச்சொல்லி அழைக்க, வந்தார். அதன்பிறகு ஒரே ஊரில் இரண்டு கட்சி, இரண்டு ஜெப வீடு. அண்ணன் ஐயர் கட்சி, தம்பி சங்கத்துக் கட்சி. சில வருடங்களுக்கு முன்புதான் ஒரே வேலிக்குள் தஞ்சம் புகுந்தவர்கள், நடுவில் இன்னொரு வேலி போட்டுக்கொண்டார்கள். 1838 ஜூன் 5இல் ரேனியஸ் இறந்தார். பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவரோடு நின்ற ஷாப்டர், முல்லர் முதலிய ஐயர்மார் சங்கத்தோடு மறுபடி சேர்ந்தார்கள், சபைகளும் மெல்ல ஒன்றாயின.

நம் சபைச் சரித்திரங்கள் இந்த மூன்று வருடத்தை ஒரு பத்தியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. மேலே ஐயர்மார் கடிதம் எழுதிச் சமாதானமானார்கள், சரி. கீழே, ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தும் முகம் பார்க்காத இரண்டு பெண்கள் எப்படிச் சமாதானமானார்கள்? யார் முதலில் பேசியது? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மன்னிப்பின் வரலாறு பெரும்பாலும் அப்படிப்பட்ட முற்றங்களில்தான் நடந்தது என்று நம்புகிறேன்.

எல்லாப் பிளவும் ஒட்டவில்லை. 1849இல் கால்டுவெல் ஐயர் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், தாம் ஊழியம் செய்த சனத்தையே தாழ்வாகக் காட்டியது. இடையன்குடியில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, தெருவும் கோயிலும் கட்டியவர் அவர். தமிழுக்கு அவர் செய்ததை மறுக்க முடியாது. ஆனால் அந்த எழுத்து குத்திய இடம் ஆறவில்லை. எபிரெயமும் கிரேக்கமும் படித்த சட்டம்பிள்ளைக்கும் நாசரேத்து மிஷனெரிக்கும் நடந்த மோதலும் அதோடு சேர்ந்துகொண்டது. 1857இல் சட்டம்பிள்ளையும் அவரைச் சேர்ந்தவர்களும் பிரிந்து, வெள்ளைக்காரர் பணமும் அதிகாரமும் வேண்டாம் என்று தனிச்சபை கண்டார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிக்கும் அந்தச் சபை இன்றும் இருக்கிறது. அவர்களைக் கலகக்காரர் என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. அவமானப்பட்டவனிடம் போய், தப்பு எங்களுடையது என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல், அவனை மன்னிக்கச் சொல்வது வேதத்துக்கு அடுத்த காரியமா?

சாதி விஷயத்திலும் இதேதான். ரேனியஸ் தம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் அதை எதிர்த்துக் கோயிலைவிட்டே வெளியேறியவர்கள் உண்டு. நம் அடைக்கல ஊர்களோ பெரும்பாலும் ஒரே சாதியாரின் ஊர்களாக வளர்ந்தன. விரட்டப்பட்டவர்களுக்கு வேலி தேவைப்பட்டது, அது நியாயம். வேலிக்கு வெளியே தன்னைவிட அதிகமாக விரட்டப்பட்டவன் நின்றபோது கதவு எவ்வளவு திறந்தது என்பதும் இந்த வரலாற்றில் சேர்த்தி.

இனி என் வீட்டுக் கதை. அம்மா ஒவ்வொரு நாளும் உலைக்கு அரிசி அளந்து எடுத்தபின், அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்து மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். அரிசி குறைவான நாளிலும் போடுவாள். கைமட்டும் சிறிதாகும். மாதக் கடைசியில் சபைக்குப் போகும். கைப்பிடி அரிசி என்ற இந்த வழக்கம் இல்லாத கிறிஸ்தவ வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா முன்னின்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பியபோது, அவர்களைத் தாங்கியது இந்தச் சீமைச் சபையாரின் இப்படிப்பட்ட காணிக்கை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அம்மாவுக்கு இந்தத் தேதிகள் தெரியாது. கலயத்தில் கை வைக்கக் கூடாது என்பது தெரியும்.

1947 செப்டம்பர் 27இல் சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உண்டானது. அந்தச் சபையார் 1950இல் கொண்டுவந்த நற்கருணை ஆராதனை முறையில், கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்தைப் பின்பற்றி, சமாதானம் பகிரும் பகுதி சேர்ந்தது. ஐயர் கையிலிருந்து புறப்பட்டு, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்ந்து, மேலே மறுகை மூடி, வரிசையாக ஆளிடமிருந்து ஆளுக்கு அது வரும். கிணற்றுப் பங்குக்காக வழக்குப் போட்டு அப்பாவும் பெரியப்பாவும் பேசாமலிருந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்தில். சமாதானம் அப்பா கைக்கு வந்தது. அவர் கொடுத்தார். பெரியப்பாவும் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தார்.

அன்றோடு எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. ஆனால் வாய்தாவுக்குப் போகும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள். பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் பெரியப்பா இலை போட, அப்பா சோறு பரிமாறினார். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "நீ சுகமா இருக்கியா தாயீ" என்று அம்மாவிடம் கேட்டது கிணறு பிரிவதற்கு வெகு நாள் முந்தி. தீர்ப்பு வந்தபின் மன்னிப்போம் என்று காத்திருந்தால் அவர்கள் இருவருமே அதற்குள் இறந்திருப்பார்கள்.

அசனம் இப்போதும் நடக்கிறது. குழியடுப்பில் அண்டா ஏறும், ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும், கத்தரிக்காயும் ரசமும் வரும். பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து பந்தியில் உட்காருவார்கள். நாங்கள் அழைப்போம், அவர்களும் உரிமையோடு வருவார்கள். ஆனால் எங்கள் சேகரத்தில், தலித் கிறிஸ்தவர் தெருவார் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சமைக்கும் அடுப்பருகே அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அவர்களுக்குத் தனி மூலை. சென்ற வருடக் கூட்டத்தில், சமையல் பொறுப்பில் அந்தத் தெருவாரும் சேர வேண்டும் என்று பெண்கள் ஐக்கியத்திலிருந்து சிலர் எழுந்து கேட்டோம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் வந்துவிட்டது. பண்டிகைக்கு முந்தின கமிட்டி கூடும்போது மறுபடி கேட்போம், இந்தத் தடவை அந்தத் தெருப் பெண்களும் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.