ஒரு பவுண்டுக்கு வித்த ஓவியம்: சுத்துற கேன்வாஸில் என்ன நடக்குது?

வட்டமான கேன்வாஸ் வேகமாகச் சுத்துது. மேலிருந்து ஒருத்தர் கப் கப்பாக பெயின்ட் ஊத்துறார். சில நொடிகளில் சூரியன் வெடிச்ச மாதிரி ஓர் ஓவியம் ரெடி! இப்படி ஒரு ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. கூடவே, 'இதெல்லாம் ஒரு ஆர்ட்டா, நானே பண்ணுவேனே' என்றும் தோன்றியிருக்கும். இதுதான் ஸ்பின் பெயின்டிங்.

யார் ஆரம்பிச்சது?

சுவிட்சர்லாந்தில் பிறந்த அல்ஃபோன்ஸ் ஷில்லிங், 1962-லேயே பாரிஸில் சுழலும் வட்டப் பலகைகளில் வரைந்தார். ஆனால், இதை உலகப் பிரபலமாக்கியவர் பிரிட்டன் ஓவியர் டேமியன் ஹிர்ஸ்ட். சின்ன வயசில் பிபிசியின் 'புளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் பார்த்ததுதான் அவருக்குப் பொறி. 1993-ல் லண்டன் தெருவிழா ஒன்றில் நண்பர் ஆங்கஸ் ஃபேர்ஹர்ஸ்ட்டுடன் கோமாளி வேஷத்தில் கடை போட்டார். ஒரு பவுண்டு கொடுத்தால், வர்றவங்களே ஸ்பின் பெயின்டிங் செய்துகொள்ளலாம்!

பிறகு பெரிய மெஷின், ஏணி, வீட்டுக்கு அடிக்கும் கிளாஸ் பெயின்ட் என ஆளைவிட உயரமான ஓவியங்களை உருவாக்கினார். அவை ஏலத்தில் லட்சக்கணக்கான பவுண்டுகளுக்குப் போயின. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவின் தரையில் இருந்த பிரிட்டன் கொடியும் அவருடைய ஸ்பின் டிசைன்தான்.

எப்படி இந்த டிசைன் வருது?

சுத்தும்போது பெயின்ட் ஓரத்தை நோக்கி ஓடும். நடுவில் வேகம் குறைவு, ஓரத்தில் அதிகம். அதனால் நடுவில் ஊத்துவது மெதுவாகப் பரவும். ஓரத்தில் ஊத்துவது சட்டென்று தெறிக்கும். மெதுவாகச் சுத்தினால் வளையங்கள், வேகம் கூட்டினால் கதிர்கள். இவ்வளவுதான் சூட்சுமம்.

வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. கேக் அலங்கரிக்கும் டர்ன்டேபிள் போதும். ஃபேன் மோட்டாரைக் கழற்றி முயற்சி செய்ய வேண்டாம், ஆபத்து.

* உயரமான அட்டைப்பெட்டிக்குள் டர்ன்டேபிளை வையுங்க. இல்லைன்னா சுவரெல்லாம் பெயின்ட்தான்!
* சின்ன கேன்வாஸையோ கெட்டி அட்டையையோ டேப்பால் அதன் நடுவில் ஒட்டுங்க.
* அக்ரிலிக் பெயின்ட்டில் தண்ணீர் கலந்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரையுங்க.
* கையால் சுத்திவிட்டு, ஒவ்வொரு கலராக ஊத்துங்க. இரண்டு, மூன்று கலரே போதும். சிவப்பும் பச்சையும் ஈரத்தில் கலந்தால் பழுப்புதான் மிஞ்சும்.
* சமதளத்தில் ஒரு நாள் அசைக்காமல் காய விடுங்க. சாய்ந்தால் டிசைன் வழிஞ்சிடும்.

அப்போ, இது ஆர்ட்டா?

'யார் வேணும்னாலும் பண்ணலாமே' என்பதற்கு, அந்த ஒரு பவுண்டு கடையே பதில். ஆமாம், பண்ணலாம். லட்சக்கணக்கான விலையில் பெரும்பங்கு ஹிர்ஸ்ட் என்ற பெயருக்குத்தான். ஆனா, எந்தக் கலர், எந்த இடத்தில், எப்போ நிறுத்தணும் என்பதை மெஷின் சொல்லாது. இதில் அழிச்சு வரையவும் முடியாது. இன்னும் ஒரே ஒரு கலர்னு ஊத்தி மொத்தத்தையும் பழுப்பாக்கின பிறகுதான், நிறுத்துறது எவ்வளவு கஷ்டம்னு புரியும். முதல் நாலு அட்டை வீணானாலும் பரவாயில்லை. அஞ்சாவதை ஃபிரேம் போடுங்க!