கட்டில் கால்மாட்டுல கொஞ்சம் வரலாறு

போன மாசம் நாலு நண்பர்களோட ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூர்ல நாங்க தங்கின அறையில, கட்டிலோட கால்மாட்டுல ஒரு சமாச்சாரம் இருந்தது. ரெண்டு பக்கமும் ஸ்டீல் கம்பி, நடுவுல குறுக்கா ஒரு குழாய். இழுத்தா ஒரு அடி வெளிய வரும். தள்ளினா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். ராத்திரி படுக்கப் போகும்போது மெத்தை மேல இருக்கிற அலங்கார விரிப்பை மடிச்சு அதுல தொங்க விட்டுடலாம், தரையில விழுந்து அழுக்காகாது. அவ்ளோதான் மேட்டர். கூட வந்தவங்க எல்லாம் வெளிய நின்னு நட்சத்திரம் பாத்துட்டு இருந்தப்ப நான் மட்டும் இதை இழுக்கறதும் தள்றதுமா இருந்தேன். எஞ்சினியர் புத்தி :-)

ஊருக்கு வந்து, ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல இதைப் பத்தித் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட விஷயம் கட்டிலை விட்டு எங்கெங்கயோ போயிடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல அந்தக் கருவியோட பூர்வீகம். குளிர் ஊர்க்காரங்க கண்டுபிடிப்பு இது, சந்தேகமே வேண்டாம். ஐரோப்பாவுல கட்டில்னா வீட்டுலயே விலை அதிகமான சாமான்கள்ல ஒண்ணு. ஒரு தடவை போட்டா போட்டதுதான், நகராது. பகல்ல அது மேல அழகா ஒரு விரிப்பு, ராத்திரியில அடுக்கடுக்கா கம்பளி. அப்ப பகல் விரிப்பை ராத்திரி எங்க வைக்கிறது? அதுக்குன்னு கட்டில் காலடியில ஒரு மரப்பெட்டி வெச்சாங்க. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல சில கட்டில்கள்ல கால்மாட்டுச் சட்டமே உருளை மாதிரி இருக்கும், விரிப்பை அதுல சுத்தி வெச்சுக்கலாம். அந்த உருளையோட கொள்ளுப்பேரன்தான் நான் இழுத்துப் பாத்த ஸ்டீல் குழாய்.

நகரத்துல வீடு சின்னதானப்ப அங்கயும் ஆளுங்க வேற மாதிரி யோசிச்சாங்க. 1885ல சிகாகோவுல சாரா குட்னு ஒரு அம்மா, மடிச்சா மேஜை, விரிச்சா கட்டில்னு ஒண்ணு செஞ்சு காப்புரிமை வாங்கினாங்க. மரச்சாமான் கடை வெச்ச கறுப்பினப் பெண்மணி. ஒண்டுக் குடித்தனத்துல இருந்த வாடிக்கையாளர்களுக்காக அவங்க செஞ்சது அது. சுவத்துக்குள்ள தூக்கி நிறுத்தற மர்பி கட்டில் அதுக்கப்புறம், 1900களோட தொடக்கத்துல சான் பிரான்சிஸ்கோவுல வந்தது. பேரும் புகழும் மர்பிக்கு. வழக்கம் போல.

அவங்களுக்கு இருந்தது ராத்திரிப் பிரச்சினை: விரிப்பை எங்க வைக்கிறது. நமக்கு இருந்தது பகல் பிரச்சினை: படுக்கையையே எங்க வைக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டா நம்ம வீடுகளோட கதை பாதி புரிஞ்சிடும்.

ஜவ்வாது மலையோட அடிவாரத்துலதான் செங்கம் இருக்கு. மலையில இருந்து இறங்கற செய்யாறு அந்தப் பக்கமாத்தான் ஓடுது. பத்துப்பாட்டுல கடைசிப் பாட்டான மலைபடுகடாம் இந்த செங்கத்து நன்னனைப் பத்தினது. 583 அடி. பரிசு வாங்கப் போற கூத்தர்களுக்கு வழி சொல்ற பாட்டு. இந்தக் காலத்து மேப் மாதிரி எங்க திரும்பணும், எங்க பாம்பு இருக்கும், எங்க சாப்பாடு கிடைக்கும்னு எல்லாம் வரும். அதுல ராத்திரித் தங்கலுக்கும் யோசனை இருக்கு. ஆட்டுக்காரங்க கிடை போட்டிருக்கிற இடத்துக்குப் போங்க, கேக்காமலே பாலும் கூழும் கிடைக்கும். தோலைப் பதப்படுத்திச் செஞ்ச படுக்கை இருக்கும், மயிர் அடைச்ச மெத்தை மாதிரி மெத்துனு இருக்கும். தீயைத் துணைக்கு வெச்சுக்கிட்டுத் தூங்குங்கன்னு போகுது. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஹோம்ஸ்டே!

இதே சங்கப் பாட்டுகள்ல கட்டில் வந்தா அது ராஜா வீட்டுச் சமாச்சாரமாத்தான் வருது. நெடுநல்வாடையில பாண்டிமாதேவியோட கட்டில் யானைத் தந்தத்துல செஞ்சது, விரிப்புக்குள்ள அன்னத்தோட தூவி. முரசுக்குக் கூடத் தனிக் கட்டில் இருந்தது. மோசிகீரனார் அசதியில அது மேல ஏறித் தூங்க, சேர மன்னன் வெட்டாம விசிறி வீசின கதை ஸ்கூல்லயே படிச்சிருப்போம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறைனு அவன் பேரு. தகடூர்ங்கிறது இன்னிக்குத் தருமபுரி, ஜவ்வாது மலைக்கு மேற்கால பக்கத்து ஜில்லா. அதாவது, மத்தவங்க கட்டில்ல படுக்கறது உயிர் போற குற்றமா இருந்திருக்கு. மலைப்பக்கத்து ஜனம் தோல்ல, தரையில, தீ பக்கத்துல.

இப்ப மலை மேல. ஜவ்வாது மலையில வாழறவங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் (கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆளறவங்க). இவங்க பூர்வீகம் காஞ்சிபுரம்னு ஒரு கதை உண்டு. தர்ஸ்டன் 1909ல வெளியிட்ட ஏழு தொகுதி நூல்ல அது இருக்கு. கங்குந்தி வேடர்கள் ஏழு வேளாளப் பெண்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மீட்கப் போன ஏழு ஆம்பளைங்க ஏழு நாயையும் கூட்டிட்டுப் போனாங்க. நாய் மட்டும் திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு வெச்சுக்கங்கன்னு பெண்டாட்டிகள்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பினாங்க. பாலாத்துல வெள்ளம். மனுஷங்க எப்படியோ நீந்திட்டாங்க, நாய்கள் பாதியில திரும்பி ஊரு வந்து சேந்துடுச்சு. இவங்க சண்டையில ஜெயிச்சுத் திரும்பினா, வீட்டுல கருமாதியே முடிஞ்சிருந்தது. செத்தவனுக்கு வீட்டுல ஏது பாய்? வேடர் பெண்களைக் கட்டிக்கிட்டு மலையேறிட்டாங்கன்னு கதை முடியுது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிச்சிருக்கு. உண்மையா பொய்யாங்கிறது வேற விஷயம். மலையேறினவங்க தங்களைப் பத்திச் சொல்லிக்கிற முதல் விஷயமே 'எங்களுக்குக் கீழ வீடு இல்லாமப் போச்சு'ங்கிறதா இருக்கு பாருங்க.

அதே தர்ஸ்டன், சேர்வராயன் மலைப்பக்கத்து மலையாளி ஆம்பளைங்களோட உடைன்னு தலைப்பாகையையும் பழுப்புக் கம்பளியையும் சொல்றார். அந்தக் கம்பளிதான் அவங்களுக்குக் கோட்டு. எனக்கு இங்கதான் பொறி தட்டிச்சு. பகல்ல கோட்டா இருக்கிறதை ராத்திரி போர்த்திக்கிட்டா மடிச்சு வைக்கிற வேலையே கிடையாதே! குளிர், மழை, தூக்கம் எல்லாத்துக்கும் ஒரே துணி. நம்ம புரோகிராமிங் பாஷையில சொன்னா ஸ்டோரேஜ் பிரச்சினையையே டிசைன்ல தீத்துட்டாங்க.

சமவெளியில அப்படி முடியாதே, பகல்ல வேகுமே. அதனால பாய். கோரைப்பாய் மாதிரி ஒரு அற்புதமான பொருள் கிடையாது. ஆறடிக்கு மூணடி படுக்கை, காலையில சுருட்டினா சுவத்து மூலையில ஒரு சாண் இடம். தலகாணியும் போர்வையும் கொடியில இல்லேன்னா பரண்ல. ஆறு மணிக்குப் படுக்கையறையா இருந்தது ஏழு மணிக்குச் சாப்பாட்டு அறை, பத்து மணிக்கு அரிசி புடைக்கிற இடம். ஒரே அறைதான், பாய்தான் அதை மாத்திக்கிட்டே இருந்தது. இந்த மாத்தற வேலையை தினமும் செஞ்சது யாருங்கிறது உங்களுக்கே தெரியும். எங்க வீட்டுல அம்மா எழுந்து முதல்ல செய்யற வேலை அவங்க பாயைச் சுருட்டறது. கடைசியாச் செய்யறது மத்தவங்க பாயைச் சுருட்டறது.

கல்யாணம், விருந்தாளி, பஞ்சாயத்துன்னா ஜமக்காளம். பவானி ஜமக்காளம் பத்தித் தனிப்பதிவே போடலாம். 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து மில் துணி வந்து கைத்தறியை அடிச்சப்ப, பவானிப் பக்கத்து ஜங்கமர்கள் மெல்லிசுத் துணியில அவங்களோட போட்டி போட முடியாதுன்னு, கலர் கலரா தடிமனான நூலை எடுத்து விரிப்பு நெய்ய ஆரம்பிச்சாங்க. மிஷின் தொடாத சந்தா பாத்துப் போனாங்க. அகலமான ஜமக்காளம்னா ஒரே தறியில ரெண்டு பேர் உக்காந்து நாடாவை இவர் தள்ள அவர் வாங்கன்னு நெய்யணும். 2005-06ல புவிசார் குறியீடு கிடைச்சது.

அந்த ஜமக்காளமும் தலகாணியும் ஊர் விட்டு ஊர் போகும்போது ஏறின வண்டிதான் ஹோல்டால். எங்க தாத்தா வீட்டுப் பரண்ல ஒண்ணு கிடந்தது. பச்சை கேன்வாஸ், ரெண்டு தோல் வார், ரெண்டு முனையிலயும் பெரிய பை. படுக்கையை விரிச்சபடியே உள்ள வெச்சுச் சுருட்டி வாரை இழுத்துக் கட்டினா ஒரு குண்டு மூட்டை. ரயில்ல ஏறினதும் வாரை அவுத்தா அதுவே மெத்தை. கொசுவத்தி சுத்தற அளவுக்கு எனக்கு வயசாகலைங்க, நான் பாக்கும்போதே அதுக்குள்ள பழைய பஞ்சாங்கமும் எலிப்புழுக்கையும்தான் இருந்தது.

ஹோல்டால் ஏன் செத்துச்சு? அது ஏன் பொறந்துச்சுன்னு கேட்டாப் பதில் கிடைக்கும். கீழ் வகுப்புல வெறும் மரப்பலகை. 1974ல மூணாம் வகுப்புங்கிற பேரை எடுத்தாங்க, பலகை அப்படியேதான் இருந்தது. 1977ல ஜனதா ஆட்சியில மது தண்டவதே ரயில்வே மந்திரி ஆனார். அவர்தான் ரெண்டாம் வகுப்புப் படுக்கைகள் மேல ரெண்டு அங்குலத்துக்கு நுரை மெத்தை போட வெச்சார். முதல் வகுப்பைத் தாழ்த்த மாட்டேன், ரெண்டாவதை உயர்த்துவேன்ங்கிறது அவரோட நிலை. எத்தனை கோடிப் பேர் முதுகு அவருக்குக் கடன்பட்டிருக்கு! சிலை வைக்கிறவங்க இவரை எப்படி விட்டாங்கன்னு தெரியலை. ரெண்டு அங்குல நுரை வந்ததும் மெத்தையைச் சுமந்துட்டுப் போற காரணம் போச்சு, பெட்ஷீட்டும் காத்தடிக்கிற தலகாணியும் போதும்னு ஆயிடுச்சு. ஏசி பெட்டியில படுக்கையும் அவங்களே குடுத்துடறாங்க. கொரோனாவுக்காக 2020 மார்ச்ல அதை நிறுத்தி, 2022 மார்ச்ல திரும்பக் குடுக்க ஆரம்பிச்சப்ப, நடுவுல ரெண்டு வருஷம் ஜனங்க மறுபடி படுக்கை சுமந்தாங்க. ஹோல்டால் மட்டும் திரும்பி வரலை.

அப்புறம் நம்ம வீட்டுக்குள்ளயும் கட்டில் வந்து உக்காந்துடுச்சு, சீர்வரிசையோட. இங்க ஒரு கணக்கு. 2011ல ஜெயலலிதா அறிவிச்ச பசுமை வீடு 300 சதுர அடி. டபுள் காட்டு ஆறேகால் அடிக்கு அஞ்சடின்னு வெச்சுக்கிட்டா 31 சதுர அடி. வீட்டுல பத்துல ஒரு பங்கை, ராத்திரி மட்டும் வேணும்ங்கிற ஒரு பொருள் பகல் முழுக்கப் பிடிச்சு வெச்சிருக்கு. பாய் இதே வேலையை ஒரு மூலையில முடிச்சுது. முட்டி வலிக்காரங்களுக்குக் கட்டில் வேணும், மறுக்கலை. சுருட்டற வேலை குறைஞ்சதும் அம்மாவுக்கு நல்லதுதான். ஆனா இடம் போச்சு, கூடவே தரையில விரிக்கிற துணியும் போச்சு.

போனது துணி மட்டும் இல்லை. 1985ல மத்திய அரசு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டு வந்தது. சில ரகங்களைக் கைத்தறியில மட்டும்தான் நெய்யணும், விசைத்தறியில கூடாது. மில்காரங்களும் விசைத்தறிக்காரங்களும் கோர்ட்டுக்குப் போனாங்க. 1993ல உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிச்சு. அப்புறம் பட்டியல் 22ல இருந்து 11 ஆச்சு. அந்த 11ல பெட்ஷீட், ஜமக்காளம், கம்பளி மூணும் இருக்கு. அதாவது இந்தப் பதிவுல வந்த மொத்தப் படுக்கையும் காகிதத்துல நெசவாளிக்குச் சொந்தம். கடையிலயோ பவானி ஜமக்காளம்னு கேட்டா சோலாப்பூர் விசைத்தறித் துணியை நீட்டறாங்க. பவானித் தறிகள்ல இளவட்டம் உக்காரதில்லை, பக்கத்துலயே திருப்பூர் பனியன் கம்பெனிகள் இருக்கு. அதுக்கு அவங்களைக் குறை சொல்ல நான் யாரு, எங்க குடும்பத் தொழிலை விட்டுட்டுத்தானே நானும் கம்ப்யூட்டர் தட்டறேன்.

ஜமுனாமரத்தூர் அறையில அந்தக் குழாய் மேல தொங்கின விரிப்பு பாலியஸ்டர். ஓரத்துத் தையல்ல வந்து சேந்த ஊரு பேரைத் தேடினேன், சலவை லேபிள் மட்டும்தான் இருந்தது.

பி.கு: உங்க வீட்டுப் பரண்ல ஹோல்டால் கிடந்தா, வார் தோலா ரெக்சினான்னு பாத்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. எந்த வருஷம் வரைக்கும் ரயிலேறிச்சுன்னும் சொன்னா, தண்டவதேக்கு நான் குடுத்த மார்க் சரியான்னு தெரிஞ்சுக்கலாம்.