ஓகு இளவரசி

ஓகு இளவரசி (661–702): பண்டைய ஜப்பானின் அரசகுலப் பெண், கவிஞர். பேரரசர் தென்முவுக்கும் ஓத்தா இளவரசிக்கும் மகள். கொரியாவின் பெக்சே அரசுக்கு உதவப் பேரரசி சைமெய் கியூஷு நோக்கிப் படையுடன் சென்றபோது, ஓகு கடற்பகுதியில் கப்பலிலேயே பிறந்தார். பெயரும் அதனால் வந்தது. சிறுவயதில் தாயை இழந்தார்.

673இல், பேரரசர் சார்பில் சூரிய தேவி அமதெரசுவுக்குப் பணிசெய்யும் ‘சாயோ’ எனும் கன்னிப் பூசாரியாகத் தேர்வானார். ஹாத்சுசே எனும் இடத்தில் நோன்பிருந்து, மறு ஆண்டு அமதெரசுவின் ஆலயம் உள்ள இசேக்குச் சென்றார்.

686இல் தந்தை மறைந்தார். தம்பி ஓத்சு இளவரசர் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் உயிரிழந்தார். ஓகு பதவி நீங்கித் தலைநகர் திரும்பினார். தம்பியை எண்ணி அவர் பாடிய ஆறு பாடல்கள் ‘மன்யோஷூ’ தொகைநூலில் இடம்பெற்றுள்ளன.